கையில் உள்ள கடை: கைப்பேசியைக் காப்பதற்குச் சில பழைய வழிகள்

சங்க மலருக்கு நான் வழக்கமாக எழுதுவது கல்வெட்டு, ஏட்டுச்சுவடி, பழைய ஊர்ப்பெயர் இவைகளைப் பற்றித்தான். இந்த முறை கைப்பேசியைப் பற்றி எழுதியிருப்பதைப் பார்த்து, "நயினாருக்கு என்ன ஆச்சு?" என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். ஆனது இதுதான். கடந்த சில ஆண்டுகளில் இந்தக் கையகலக் கருவியால் எனக்கு மூன்று நஷ்டங்கள். முதலில் பணம் போயிற்று. அடுத்து ஒரு எண் போயிற்று. மூன்றாவதாக என் தாயாரின் குரல் போயிற்று.

நான் மும்பைக்கு வந்தது 1984-ல். எவர்சில்வர் பாத்திர வியாபாரம். இத்தனை வருடத்தில் கடையில் கள்ள நோட்டு வந்திருக்கிறது, கடன் வாங்கியவர் சொல்லாமல் ஊரைவிட்டுப் போயிருக்கிறார், மழை வெள்ளம் குடோனுக்குள் நுழைந்திருக்கிறது. ஆனாலும் பெரிய அடி எதுவும் பட்டதில்லை. காரணம் என் சாமர்த்தியம் அல்ல. தகப்பனார் கற்றுக் கொடுத்த நாலைந்து ஒழுங்குகளை விடாமல் பிடித்துக் கொண்டிருந்தேன், அவ்வளவுதான். கைப்பேசியில் மட்டும் அவற்றைக் கடைப்பிடிக்கவில்லை. அதை ஒரு பேசும் கருவி என்று நினைத்தேன். உண்மையில் அது ஒரு கடை. கல்லா அதில் இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது, பேரேடு இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. வருகிறவன் போகிறவன் எல்லாம் உள்ளே நுழைய வாசலும் இருக்கிறது. இதை நான் காலம் கடந்துதான் புரிந்து கொண்டேன். என் வயதை ஒத்தவர்களுக்கும், தனியாக இருக்கும் தாய்மார்களுக்கும் பயன்படட்டும் என்று, தெரிந்ததை எழுதுகிறேன். இளைஞர்களுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். மீதிப் பாதிக்காகப் பொறுத்துக் கொண்டு படிக்கட்டும்.

கல்லா

2020-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். ஹிந்தியில் ஒருவர் பேசினார். தான் ராணுவத்தில் இருப்பதாகவும், படைப்பிரிவின் சமையற்கூடத்துக்கு 40 பெரிய அண்டா வேண்டும் என்றும் சொன்னார். பேரம்கூடப் பேசவில்லை. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பேரம் பேசாத வாடிக்கையாளரை இந்த ஊரில் நான் பார்த்ததே இல்லை! "முன்பணம் அனுப்புகிறேன், எங்கள் அலுவலக முறை கொஞ்சம் வேறு" என்று சொல்லி, கட்டம் கட்டமாக இருக்கும் க்யூ.ஆர். படம் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதை ஸ்கேன் செய்து 5 ரூபாய் போடச் சொன்னார். போட்டேன். உடனே 10 ரூபாய் திரும்பி வந்தது. அடடா, சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த படம் 24,500 ரூபாய்க்கு வந்தது. அதற்கும் பின் எண்ணைப் போட்டேன். பணம் போச்சு. மறுபடி கூப்பிட்டால் எண் அணைக்கப்பட்டிருந்தது.

அன்று இரவு என் மருமகள் கேட்ட கேள்வியை மறக்க மாட்டேன். "மாமா, நம்ம கடையில யாராவது பணம் குடுத்தா, வாங்கி வைக்கறதுக்கு நீங்க கையெழுத்துப் போட்டுத் தர்ற செக்கு வேணுமா?" என்றாள்.

விஷயம் முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கிவிட்டது. யு.பி.ஐ. என்னும் பணப் பரிமாற்ற முறையை 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் தொடங்கியது. அதில் பின் எண் என்பது நம் கையெழுத்து. பணம் கொடுக்கும்போதும் இருப்பைப் பார்க்கும்போதும்தான் அது தேவை. பணம் வாங்குவதற்குப் பின் எண் தேவையே இல்லை. ஒருவர் "பணம் அனுப்புகிறேன், பின் எண் போடுங்கள்" என்று சொன்னால், அவர் அனுப்பவில்லை, எடுக்கிறார் என்று அர்த்தம். இந்தக் கட்டுரையில் வேறெதுவும் நினைவில் நிற்காவிட்டாலும் இந்த ஒரு வாக்கியம் நின்றால் போதும்.

முன்பெல்லாம் முகம் தெரியாத ஒருவர், நம்மிடமிருந்து பணம் கேட்டு ஒரு கோரிக்கையை நம் கைப்பேசிக்கு அனுப்ப முடியும். படித்துப் பார்க்காமல் அழுத்தி ஏமாந்தவர்கள் ஏராளம். தனிநபருக்குத் தனிநபர் அனுப்பும் அந்தக் கோரிக்கை வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் க்யூ.ஆர். ஏமாற்று இன்னும் இருக்கிறது. ஆகவே சில ஒழுங்குகள்:

முதலாவது, பின் எண் கேட்கும் பக்கத்தில் யாருக்கு, எவ்வளவு என்று எழுதியிருக்கும். எண்ணைப் போடுமுன் அதை வாய்விட்டுப் படியுங்கள். பக்கத்தில் இருப்பவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

இரண்டாவது, எந்தக் கடைக்காரனும் முதல் முழுவதையும் கல்லாவில் வைத்துக் கொண்டு உட்கார மாட்டான். கல்லாவில் அன்றைய சில்லறை, மீதி உள்ளே பெட்டகத்தில். அதேபோல் சேமிப்பு இருக்கும் கணக்கைக் கைப்பேசியோடு இணைக்காதீர்கள். செலவுக்கென்று தனியாக ஒரு சிறு கணக்கு வைத்து, அதை மட்டும் இணையுங்கள். நான் இப்போது அதில் மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் வைப்பதில்லை. போனாலும் அவ்வளவுதான் போகும்.

மூன்றாவது, கடை வைத்திருப்பவர்களுக்கு. வாடிக்கையாளர் தன் கைப்பேசியில் காட்டும் "பணம் சென்றது" என்ற படத்தை ரசீதாக எடுத்துக் கொள்ளாதீர்கள். அப்படிப்பட்ட பொய்ப் படம் தயாரிப்பது சுலபம். உங்கள் கணக்கில் வரவு விழுந்ததா என்று உங்கள் கைப்பேசியில் பார்த்த பிறகே சரக்கைக் கொடுங்கள். நாள்வழியில் வரவை நாம்தான் எழுத வேண்டும், எதிராளி எழுதக் கூடாது.

நான்காவது, வங்கியின் உதவி எண்ணை இணையத்தில் தேடாதீர்கள். தேடினால் முதலில் வந்து நிற்பது சில சமயம் திருடனின் எண்ணாக இருக்கும். ஏ.டி.எம். அட்டையின் பின்புறமோ பாஸ்புக்கிலோ இருக்கும் எண்ணையே பயன்படுத்துங்கள்.

பெயர்ப்பலகை

இரண்டாவது நஷ்டம் எண். ஊரில் நிலத்துக் குத்தகைப் பணம் வருவதற்காக, அங்குள்ள வங்கிக் கிளை ஒன்றில் எனக்கும் தம்பிக்கும் கூட்டாக ஒரு கணக்கு உண்டு. அதற்குக் கொடுத்திருந்தது ஊருக்குப் போனால் மட்டும் உபயோகிக்கும் ஒரு தமிழ்நாட்டு எண். மும்பையில் அதற்கு என்ன வேலை என்று, ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டேன். ஒரு வருடம் கழித்து வங்கியில் ஏதோ கேட்டபோது, ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். வரவில்லை. அந்த எண்ணுக்கு நானே போன் போட்டேன். யாரோ ஒரு பெண்மணி எடுத்து, "இது என் நம்பருங்க, ஆறு மாசமா வச்சிருக்கேன்" என்றார். என் கணக்கின் சாவி முகம் தெரியாத ஒரு நல்ல மனுஷியின் கையில் இருந்திருக்கிறது. நல்லவராக இல்லாதிருந்தால்? எண்ணை மாற்ற, தம்பியையும் அழைத்துக் கொண்டு நேரில் போய் நிற்க வேண்டியதாயிற்று. இரண்டு நாள் ரயில், மூன்று நாள் அலைச்சல்.

வெளியூரில் வாழும் நம்மவர்களுக்கு இது மிக முக்கியம். 90 நாட்கள் எந்த உபயோகமும் இல்லாத ப்ரீபெய்டு எண்ணைக் கம்பெனி துண்டித்துவிடலாம். துண்டித்த எண் சில மாதம் கழித்து வேறொருவருக்குப் போய்விடும். அதற்காக இரண்டு எண் வைத்துக் கஷ்டப்பட வேண்டும் என்பதும் இல்லை. 2015 ஜூலை முதல் இந்தியா முழுவதற்குமான எண் மாற்ற வசதி இருக்கிறது. தமிழ்நாட்டு எண்ணை அப்படியே வைத்துக் கொண்டு மும்பைக்கோ தில்லிக்கோ மாற்றிக் கொள்ளலாம். போர்ட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு எண்ணையும் தட்டி 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அதைப் புதுக் கம்பெனிக் கடையில் கொடுத்தால் வேலை ஆரம்பமாகிவிடும்.

நான் இப்போது ஒரு நோட்டுப் புத்தகத்தில் "எண் பேரேடு" என்று போட்டு எழுதி வைத்திருக்கிறேன். இடது பக்கம் கைப்பேசி எண். வலது பக்கம் அந்த எண் எங்கெங்கே கொடுக்கப்பட்டிருக்கிறது என்பது: எந்த வங்கிக் கணக்கு, ஆதார், பான், எல்.ஐ.சி. பாலிசி, கேஸ் இணைப்பு, வாட்ஸ்அப். எண்ணை மாற்றினால் ஒவ்வொன்றாக அடித்துக் கொண்டே போகலாம். பின் எண், கடவுச்சொல் எதையும் அதில் எழுதுவதில்லை. நான் இல்லாத காலத்திலும் பிள்ளைகள் தடுமாற மாட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் எழுதி முடித்துவிடலாம்.

சிம் கார்டுக்கும் ஒரு பூட்டு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கைப்பேசிக்குப் பூட்டுப் போட்டிருந்தாலும், திருடியவன் சிம்மைக் கழற்றி வேறு கருவியில் போட்டால் ஓ.டி.பி. எல்லாம் அவனுக்கு வரும். பாதுகாப்பு அமைப்புகளில் "சிம் லாக்" என்று இருப்பதை இயக்கிவிட்டால், கருவியை மாற்றும்போதெல்லாம் பின் கேட்கும். ஒரு எச்சரிக்கை: முதலில் இருக்கும் பின் எண் என்ன என்று கம்பெனியிடம் கேட்டுக் கொண்டு ஆரம்பியுங்கள். மூன்று தடவை தப்பாகப் போட்டால் சிம் நின்றுவிடும், பிறகு பி.யு.கே. என்ற எட்டு இலக்க எண்ணைக் கம்பெனியிடம் வாங்க வேண்டும். நான் அவசரப்பட்டு அந்த அனுபவத்தையும் பெற்றேன்.

இன்னொன்று. நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்தினால் 15 இலக்க எண் ஒன்று திரையில் வரும். அது கருவியின் பிறப்பு அடையாளம், ஐ.எம்.இ.ஐ. அதையும் பேரேட்டில் எழுதுங்கள். கைப்பேசி தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்து, அந்தப் புகார் நகலோடு, 2023-ல் மத்திய அரசு தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் கருவியையே முடக்கச் சொல்லலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்றும் அங்கே பார்க்கலாம். நான் பார்த்தபோது, எப்போதோ மகனுக்கு வாங்கி மறந்துபோன ஒன்று அதில் இருந்தது.

வாசலில் வருகிறவர்கள்

வாட்ஸ்அப் இல்லாத வீடு இப்போது இல்லை. ஊரில் நடக்கும் சாவு, கல்யாணம், கோயில் காரியம் எல்லாம் அதில்தான் நமக்கு வருகிறது. 1984-ல் டிரங்க் கால் புக் பண்ணிவிட்டு மூன்று மணி நேரம் காத்திருந்தவன் நான். அதனால் இதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் திறந்த வாசலில் தெரிந்தவர் மட்டும் வருவதில்லை.

கல்யாணப் பத்திரிகை என்று ஒரு கோப்பு வரும். பத்திரிகை என்றால் படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ இருக்கும். பெயரின் கடைசியில் ஏ.பி.கே. என்று இருந்தால் அது பத்திரிகை அல்ல, கைப்பேசிக்குள் புகுந்து எஸ்.எம்.எஸ். எல்லாம் படிக்கும் செயலி. போக்குவரத்து அபராதம், மின் கட்டணம் என்ற பெயரிலும் இப்படி வருகிறது. அனுப்பியவர் சொந்த மைத்துனராகவே இருந்தாலும் திறக்காதீர்கள். அவர் கைப்பேசி ஏற்கெனவே திருடன் கையில் இருக்கலாம். ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

அடுத்து போலீஸ் வேஷம். "உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது, டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், கேமராவை விட்டு நகராதீர்கள்" என்று வீடியோவில் மிரட்டுவார்கள். நம் சட்டத்தில் அப்படி ஒரு கைது கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே தம் வானொலி உரையில் இதைப் பற்றி எச்சரித்தார். படித்தவர்கள், ஓய்வு பெற்ற அதிகாரிகள்கூட இதில் ஏமாந்திருக்கிறார்கள். அறியாமையால் அல்ல, மானத்துக்குப் பயந்து. யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவர்கள் கட்டளையிடுவது அதனால்தான். உடனே இணைப்பைத் துண்டித்து, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். சொல்லிவிட்டாலே பாதி பயம் போய்விடும்.

வாட்ஸ்அப்பில் செய்ய வேண்டியவை மூன்று. அமைப்புகளில் கணக்கு என்ற பகுதிக்குப் போய், இரண்டடுக்குச் சரிபார்ப்பு என்பதை இயக்கி ஆறு இலக்க எண் ஒன்றை வையுங்கள். அப்போது உங்கள் ஓ.டி.பி.யைப் பிடுங்கியவனும் உங்கள் பெயரில் வாட்ஸ்அப் திறக்க முடியாது. தனியுரிமை என்ற பகுதியில், குழுக்களில் உங்களைச் சேர்க்கும் உரிமையை உங்கள் தொடர்பில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். பங்குச் சந்தையில் பணம் இரட்டிப்பு என்று ஆசை காட்டும் குழுக்களில் நம்மைக் கேட்காமலே சேர்ப்பது அதோடு குறையும். மாதம் ஒருமுறை, இணைக்கப்பட்ட சாதனங்கள் என்பதைத் திறந்து, தெரியாத கணினி எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வெளியேற்றுங்கள்.

செய்தி பரப்புவது பற்றியும் ஒரு வார்த்தை. செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி வந்தது. பல கை மாறிய சரக்கை நாம் கடையில் உரசிப் பார்க்காமல் வாங்குவோமா? நல்ல காலமாக, அப்படிப்பட்ட செய்தியை ஒரு சமயத்தில் ஓர் இடத்துக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று 2020-ல் அந்த நிறுவனம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. மீதிக் கட்டுப்பாடு நம் விரலில் இருக்கிறது.

படியெடுத்தல்

கடைசி நஷ்டத்துக்கு வருகிறேன். என் தாயார் கிராமத்தில் இருந்தார். எழுத்து அவ்வளவாக வராது. பேரப்பிள்ளை சொல்லிக் கொடுத்து, மைக்கை அழுத்திப் பேசக் கற்றுக் கொண்டார். தினமும் காலையில் எனக்கு ஒரு குரல் செய்தி வரும். கத்தரிச்செடி, பக்கத்து வீட்டுச் சண்டை, அவருடைய பாட்டி சொன்ன கதை, விரதத்துக்கான சமையல் பக்குவம். நான் வேலை அவசரத்தில் பாதி கேட்பேன், மீதியை அப்புறம் என்று வைப்பேன். 2021-ல் அவர் காலமானார். அப்புறம் கேட்கலாம் என்று வைத்ததெல்லாம் கைப்பேசியில் இருக்கிறதே என்று ஒரு தைரியம். 2022 ஜூலை மழையில் கைப்பேசி நனைந்தது. ரிப்பேர் கடையில் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். பேக்கப் எதுவும் இல்லை.

ஏட்டுச்சுவடி பற்றி மேடையில் பேசுகிறவனுக்கு இது எவ்வளவு பெரிய வெட்கம் என்று யோசியுங்கள். பனையோலை நிரந்தரமில்லை என்பது நம் முன்னோருக்குத் தெரியும். செல்லும் ஈரமும் அதைத் தின்னும். ஆகவே தலைமுறைக்குத் தலைமுறை புது ஓலையில் படியெடுத்தார்கள். படியெடுத்ததை மூலத்தோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள். ஒரே வீட்டில் வைக்காமல் பல ஊர்களில் வைத்தார்கள். 1887-ல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது, பல ஊர்களில் பல பிரதிகள் கிடைத்ததால்தான். ஒரே பிரதி இருந்து, அந்த வீட்டில் மழை ஒழுகியிருந்தால்?

கைப்பேசிக்கும் அதே மூன்று விதிகள். படி எடு, ஒப்பிட்டுப் பார், வேறு ஊரில் வை.

வாட்ஸ்அப்பில் அரட்டைகள் என்ற பகுதியில் பேக்கப் இருக்கிறது. அதை இயக்கி, வாரம் ஒருமுறை என்று வையுங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அது கூகுள் கணக்கில் போய்ச் சேரும். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜி.பி. இடம். புகைப்படம், மின்னஞ்சல், வாட்ஸ்அப் பேக்கப் எல்லாம் அந்த ஒரே அறைக்குள் அடங்க வேண்டும். "இடம் இல்லை" என்ற அறிவிப்பு வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். அன்றோடு பேக்கப் நின்றுவிட்டது என்று அர்த்தம். நிறையும் இடத்தைக் குறைக்க, காலை வணக்கப் படங்களையும் வீடியோக்களையும் முதலில் நீக்குங்கள்.

வருடத்துக்கு இரண்டு முறை, கைப்பேசியைக் கேபிள் மூலம் கணினியில் இணைத்து, முக்கியமானதை ஒரு ஹார்டு டிஸ்கில் படி எடுங்கள். முடிந்ததும் இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பாருங்கள். இதுதான் ஒப்பிடுதல். திறக்காத பேக்கப் பேக்கப் அல்ல. இன்னொரு படியை ஊரில் இருக்கும் மகளுக்கோ தம்பிக்கோ அனுப்பிவிடுங்கள். பழைய புகைப்படம், பத்திரம் போன்றவைகளை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் தெளிவு குறையும். ஆவணம் என்ற வழியில் அனுப்பினால் உள்ளபடியே போகும்.

குரல் செய்தியை அழுத்திப் பிடித்து, பகிர் என்பதைத் தொட்டு, மின்னஞ்சலுக்கு அனுப்பலாம். அரை நிமிட வேலை. அந்த அரை நிமிடம் எனக்கு நான்கு வருடத்தில் ஒருநாளும் கிடைக்கவில்லை.

ஏமாந்த பின்

எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தாலும் ஒருநாள் தவறலாம். தவறினால் வெட்கப்பட்டுக் கொண்டு உட்காராதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அது இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவுமுன் நிறுத்தி வைக்க முயற்சி செய்வார்கள். ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. வங்கிக்கும் அதே நேரத்தில் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். நான் ஏமாந்த காலத்தில் இந்த எண் வந்திருக்கவில்லை. மறுநாள் மாலை வரை யோசித்துவிட்டு வங்கிக்குப் போனேன். பின் எண்ணை நானே போட்டதால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். அது நியாயம்தான்.

இன்றிரவே செய்ய வேண்டியவை

கட்டுரையைப் படித்துவிட்டு மூடிவிடுவது நம் வழக்கம். ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். இன்று வாட்ஸ்அப் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். பேக்கப் கடைசியாக எந்தத் தேதியில் நடந்தது என்று பாருங்கள். 1930-ஐத் தொடர்புகளில் சேர்த்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை எண் பேரேடு எழுதுங்கள். ஊருக்குப் போகும்போது, அங்குள்ள கணக்கில் எந்த எண் இருக்கிறது என்று விசாரியுங்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்கு உங்கள் கைப்பேசியைத் திறக்கத் தெரிந்திருக்கட்டும்.

தாயாரின் குரல் முழுவதும் போய்விடவில்லை என்பதையும் சொல்லி முடிக்கிறேன். விழுப்புரத்தில் இருக்கும் என் தம்பி மகள், பாட்டி குடும்பக் குழுவில் பேசிய பதினொரு செய்திகளை அவ்வப்போது தனியாக எடுத்து வைத்திருந்தாள். கேட்டபோது, "பெரியப்பா, உங்ககிட்ட எல்லாம் இருக்கும்னு நெனச்சேன்" என்றாள். நூற்றுக்கணக்கில் இருந்ததில் பதினொன்று. ஒன்றில் கொள்ளுத் துவையல் பக்குவம் சொல்கிறார். நடுவில் யாரோ கதவைத் தட்ட, "இரு, வரேன்" என்று எழுந்து போகிறார். அதோடு அந்தச் செய்தி முடிகிறது. இப்போது அது மும்பையில் ஒரு படி, விழுப்புரத்தில் ஒரு படி, மகன் வீட்டில் ஒரு படி இருக்கிறது.